மேசைமேல் வைக்கப்பட்ட ரப்பர் குழாய்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 1949ஆம் ஆண்டு நியூயார்க்கில் அரங்கேறிய ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளரின் மரணம்’ நாடகத்தில், லோமன் குடும்பத்தைச் சிதைத்தது இரக்கமற்ற வணிக உலகமா, வீட்டுக்குள் வளர்ந்த பொய்யா என்பது வழக்கு. பொய்யே என்பது எங்கள் கட்சி.

எதிரணி நண்பர் உருக்கமாக எடுத்துரைத்தபடி, 34 ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த 63 வயது விற்பனையாளர், குடும்பத் தலைவர் வில்லி லோமனை முதலாளி ஹோவர்ட் வேலையைவிட்டு நீக்குகிறான். படிக்கும்போது எனக்கும் நெஞ்சு கொதித்தது. ஆனால் அந்தக் குடும்பம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடைந்துவிட்டது. பாஸ்டன் விடுதி அறையில் தந்தையோடு வேறொரு பெண்ணைக் கண்ட மூத்த மகன் பிஃப், அம்மாவுக்கு உரிய காலுறைகளை அவளுக்குக் கொடுத்துவிட்டீர்களே என்று கதறுகிறான். ஊர் திரும்பியதும், தான் சேர ஆசைப்பட்ட வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பெயரைத் தன் கையால் எழுதியிருந்த காலணிகளை எரித்துவிடுகிறான். அந்த அறையில் எந்த முதலாளி இருந்தான், நடுவர் அவர்களே?

கல்லூரி நாள்களில் முதன்முறை படித்தபோது, வில்லியின் மனைவி லிண்டாவைப் பொறுமையின் வடிவமாகவே கண்டேன். இன்று அவளை நினைத்தால் அச்சமாக இருக்கிறது. கணவர் சம்பளம் என்று நீட்டுவது அண்டைவீட்டுச் சார்லியிடம் வாரந்தோறும் வாங்கும் 50 டாலர் கடன் என்று தெரிந்தும் அவள் வாய் திறப்பதில்லை. அவர் உயிரை மாய்த்துக்கொள்ள நிலவறையில் ஒளித்து வைத்திருக்கும் ரப்பர் குழாயை நாள்தோறும் எடுத்துவிடுகிறாள். அவர் வீடு திரும்பும்போது இருந்த இடத்திலேயே மறுபடியும் வைத்துவிடுகிறாள். கேட்டுவிட்டால் அவருக்கு அவமானமாகிவிடுமாம். கணவரின் மானத்தைக் காக்க அவருடைய சாவுக்கான கருவியையே காத்துவைக்கும் அன்பு, பொய்க்குள் வாழ்ந்து பழகிய வீட்டில் அல்லாமல் வேறெங்கே விளையும்?

அந்தக் குழாயைக் கடைசியில் மேசைமேல் எடுத்து வைப்பவன் பிஃப். இந்த வீட்டில் பத்து நிமிடமாவது நாம் உண்மை பேசியதுண்டா என்று கேட்டு, நான் சாதாரண ஆள்தான் அப்பா, என்னை விட்டுவிடுங்கள் என்று தந்தையைப் பற்றிக்கொண்டு அழுகிறான். மகனுக்குத் தன்மேல் பாசம் இருக்கிறது என்பதை வில்லி வியப்போடு அறிவது அப்போதுதான். ஹோவர்ட் வேலையைத் திருப்பித் தரவில்லை. ஒரு டாலர்கூட எங்கிருந்தும் வரவில்லை. ஒரே ஓர் உண்மை மட்டும் அந்த வீட்டுக்குள் வந்தது, அதுவும் அவருடைய கடைசி இரவில்.