எரிகிற புள்ளி
(ஒஸ்லோவில் தமிழ்ப் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியது)

தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுத் தமிழ் படிப்பிக்க வரும் ஆசிரியைகளே, மண்டபம் தந்த நிர்வாகத்தினரே, பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும் தம்பிமாரே, வணக்கம். பெயர் விடுபட்ட பெரியோர் பொறுத்தருள்க.

ஒளியியலில் வரும் மூன்று நோர்வேச் சொற்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பிரென்புங்க்ட், பிரென்விட்டே, பிரிட்னிங்ஸ்இண்டெக்ஸ். சிறுதுளி பெருவெள்ளம் என்று நான் எங்கே போனாலும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன்.

'பிரென்னே' என்றால் எரித்தல், 'புங்க்ட்' என்றால் புள்ளி. பூதக்கண்ணாடி வழியே போகும் வெயில் ஒன்றுகூடும் இடத்தை நாங்கள் குவியம் என்கிறோம், இவர்கள் எரிபுள்ளி என்கிறார்கள். ஜெர்மன்காரரும் அப்படியே. 1604-இல் வானியலாளர் கெப்ளர் இதற்குத் தேர்ந்த 'ஃபோக்கஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குப் பொருள் அடுப்பு. அங்கேயும் நெருப்புத்தான்!

எங்கள் உறவு வீடொன்றில் நடந்ததைக் கேளுங்கள். ஊரிலிருந்து வந்திருந்த அப்பப்பா, பூதக்கண்ணாடி வைத்துப் பேப்பர் வாசிக்கிறவர். ஜூன் மாத வெயில். அவர் கண்ணயர்ந்த நேரம் பேரன் கண்ணாடியை எடுத்து, மேலே கீழே நகர்த்தி, வெளிச்சத்தைச் சின்ன வட்டமாக்கிவிட்டான். புகை வந்தது. பழுப்பு, கறுப்பு, பிறகு ஓட்டை. ஓட்டை விழுந்தது எங்கே? ஒரு மந்திரியின் மூக்கில்! (சிரிப்பு) "என்னடா செய்யிறாய்?" என்று அப்பப்பா எழும்ப, "பிரென்புங்க்ட், அப்பப்பா!" என்றான் பேரன். "அந்த மூக்குக்கு அது வேணும்" என்றுவிட்டுக் கிழவர் திரும்பவும் படுத்துவிட்டார். (கைதட்டல்)

உண்மையில் அது புள்ளியல்ல, சூரியனின் குட்டி உருவம். வில்லையிலிருந்து, அதாவது அந்தக் கண்ணாடியிலிருந்து, 20 சென்ரிமீற்றரில் குவிந்தால் அதன் அகலம் சுமார் 2 மில்லிமீற்றர். அந்த 20 சென்ரிமீற்றர்தான் பிரென்விட்டே, குவியத்தூரம். 'விட்டே' என்றால் அகலம், விரிவு. ஹார்டாங்கர்விட்டாவில் பனிச்சறுக்கப் போனவர்களே, அந்த மலைவெளியின் பெயரிலும் இதே சொல்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பேரனுக்குப் பிரென்புங்க்ட் தெரியும், குவியம் தெரியாது. அப்பப்பாவுக்குக் குவியம் தெரியும். இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து விஞ்ஞானம் பேச நோர்வே–தமிழ்ச் சொற்கையேடு ஒன்று வேண்டும். அரசாங்கம் தரும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டுக்குப் பத்துச் சொல் தாருங்கள், சிறுதுளி பெருவெள்ளம்.

மூன்றாவது சொல்லா? பிரிட்னிங்ஸ்இண்டெக்ஸ் என்றால் முறிவுச்சுட்டி, ஒரு பொருளுக்குள் புகும் ஒளி எவ்வளவு வளையும் என்று காட்டும் எண். அதற்குமேல் சொல்ல நேரமில்லை, தலைவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். வாசல் மேசையில் கொப்பி இருக்கிறது, பேனையும் கட்டியிருக்கிறோம். எழுதிவிட்டு வடை எடுங்கள்.