பேய்ப் படத்தைக் காமெடி கெடுத்துவிட்டதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. திருப்பூரிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்: "சார், நீங்கள் பேய்க் காமெடிப் படங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள். தமிழில் உருப்படியாக ஒரு பேய்ப் படம் வராமல் போனதற்கே இந்தக் காமெடிதானே காரணம்? தியேட்டரில் யாருக்காவது பயம் வருகிறதா?"

முதலில் ஒன்று. தலையில் தூக்கி வைத்து நான் ஆடவில்லை. இடுப்பில் வேண்டுமானால் வைத்திருப்பேன், 'காஞ்சனா'வில் பயந்தாங்கொள்ளிப் பையன் ராகவா லாரன்ஸை அம்மா கோவை சரளா வைத்திருந்த மாதிரி. ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பயம் போய்விட்டது, ஒத்துக்கொள்கிறேன். திருடியது யார் என்பதில்தான் எனக்கும் அவருக்கும் தகராறு. காமெடி மேல் போலீஸ் கேஸ் போடுகிறார். குற்றவாளி வேறு ஆள், அவரிடம் அப்புறம் வருகிறேன்.

பழைய நேயர்களுக்கு என் பல்லவி தெரியும். பேய் யார் என்பது எனக்கு முக்கியமே இல்லை. பயப்படுகிறவர் யார்? அதைச் சொல்லுங்கள், படம் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுகிறேன். "இதையே எத்தனை தடவை சொல்வீர்கள்" என்று போன மாதமே ஒரு அம்மா கேட்டிருந்தார். மன்னிக்க வேண்டும் அம்மா, இன்னும் ஒரு தடவை.

தமிழில் வந்த மிகச் சிறந்த பேய்க் காட்சி எது என்று யாராவது கேட்பீர்கள் கேட்பீர்கள் என்று நானும் இத்தனை வருடமாகக் காத்திருக்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை. சரி, நானே சொல்லிவிடுகிறேன். அது பேய்ப் படத்திலேயே இல்லை. 1964-ல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யில் இருக்கிறது. 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' செல்லப்பாவாக வரும் நாகேஷ், படம் எடுக்கப் பணம் வேண்டும் என்று அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்வாரே, அந்தக் காட்சி. நாம் அதைக் காமெடி என்று ஒதுக்கி வைத்து அறுபது வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். நன்றாகப் பாருங்கள். பேய் கிடையாது. பங்களா கிடையாது. வெள்ளைப் புடவை கிடையாது. நாகேஷ் வாயாலேயே எல்லாச் சத்தத்தையும் கொடுப்பார். பாலையாவுக்குப் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. அந்தக் கேட்பு இருக்கிறதே! முதலில் "என்னதான் சொல்கிறான் பார்ப்போம்" என்ற முதலாளி முகம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த முதலாளி இறங்கிப் போய், ராத்திரி பாட்டியிடம் கதை கேட்கிற பையன் வந்து உட்கார்ந்துவிடுகிறான். நமக்குச் சிரிப்பு வருகிறது, அவருக்கு உயிர் போகிறது. ஒரே காட்சி, ஒரே நேரம். இதில் காமெடி எது, திகில் எது என்று பிரித்துக் கொடுங்கள் பார்ப்போம்.

இதை நான் தியேட்டரில் கற்றுக்கொள்ளவில்லை. சித்தப்பாவின் சைக்கிளில் கற்றுக்கொண்டேன். எங்கள் ஊரில் டென்ட் கொட்டகை. மணலைக் குவித்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்து பார்க்கிற தரை டிக்கெட். '13-ஆம் நம்பர் வீடு' வந்திருந்தது. 1990-ல் வெளியான படம், எங்கள் கொட்டகைக்கு அது வந்து சேர எவ்வளவு நாள் ஆயிற்றோ! எனக்குப் பத்து வயது இருக்கும். இரண்டாவது ஆட்டம் முடிந்து, சித்தப்பா என்னைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு வருகிறார். வழியில் ஒரு மேடு, மேட்டை ஒட்டிச் சுடுகாடு. டைனமோ விளக்கு எப்படி எரியும் என்று அந்தக் காலத்துக்காரர்களுக்குத் தெரியும். வேகமாக மிதித்தால் வெளிச்சம், மெதுவானால் மங்கல், நின்றால் இருட்டு. மேட்டில் ஏற ஏற விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, செத்துக்கொண்டு வருகிறது. நான் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்தேன். சட்டை நனைந்திருந்தது. அப்போது திடீரென்று அவர் முருகன் பாட்டு ஒன்றை உச்சக் குரலில் ஆரம்பித்தார். என் சித்தப்பா அதுவரைக்கும் கோயிலில்கூட வாய் திறந்து பாடி நான் கேட்டதில்லை. சுருதியும் இல்லை, இரண்டாவது வரிக்கு மேல் வார்த்தையும் இல்லை. அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி மேட்டைத் தாண்டினார். அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் "ஏன் சித்தப்பா பாடினீங்க?" என்றேன். "மூச்சு வாங்கக் கூடாதுன்னு பாடினேன்டா" என்றார். மேட்டில் சைக்கிள் மிதிக்கிறவன் மூச்சு வாங்காமல் இருக்கப் பாடுவானா?

சரி, படத்துக்கு வருவோம். 'காஞ்சனா' 2011-ல் ஓடியது பேய்க்காக இல்லை. இருட்டினால் அம்மா துணையில்லாமல் பாத்ரூம் போகாத ஒரு தடிமாட்டுப் பையனுக்காக ஓடியது. வீட்டில் பேய் இருக்கிறதா என்று தேங்காயை வைத்துச் சோதிக்கிற இடத்தில் கோவை சரளாவையும் தேவதர்ஷினியையும் பாருங்கள். மாமியாரும் மருமகளும் ஒருத்தரை ஒருத்தர் முன்னே தள்ளிவிடுகிற அந்த அவசரம் நம் வீட்டுச் சமையலறையில் கரப்பான் வந்தால் நடக்கிறதுதான். அதனால்தான் குடும்பத்தோடு கூட்டம் வந்தது.

'சந்திரமுகி'யிலும் இதே கதைதான். 2005-ல் எல்லாரும் ஜோதிகாவின் கண்ணைப் பற்றிப் பேசினோம், பேச வேண்டியதுதான். ஆனால் அந்தக் கண்ணுக்கு மேடை போட்டுக் கொடுத்தவர் முருகேசனாக வந்த வடிவேலு. முதல் பாதி முழுக்க அவர் நமக்காகப் பயந்து, நம்மைச் சிரிக்க வைத்து, அந்த அரண்மனையை நமக்குப் பழகின இடமாக்கிவிடுகிறார். பழகின இடத்தில் விபரீதம் நடந்தால்தானே அடிவயிறு கலங்கும்?

சந்திரமுகியைத் தொட்டுவிட்டு இதைச் சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது. மூலம் 1993-ல் பாசில் எடுத்த மலையாள 'மணிச்சித்திரத்தாழ்'. அதில் வரும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுவாள். அதே கதை தமிழுக்கு வந்ததும் அவள் தெலுங்கு பேசுகிறாள். கன்னடத்து 'ஆப்தமித்ரா'விலும் தெலுங்கு. இந்தியில் 'பூல் புலையா'வுக்குப் போனால் வங்காளம். யாருக்கும் சொந்த மொழியில் பேய் வரவில்லை பாருங்கள்! முழுக்கப் புரிந்துவிட்டாலும் பயமில்லை, சுத்தமாகப் புரியாவிட்டாலும் பயமில்லை. அடுத்த வீட்டுக்காரன் மொழி, பாதி புரிகிறது, அதுதான் நடுக்குகிறது. மலையாளிக்கு நாம்தான் பேய் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு.

இப்போது குற்றவாளி. திருப்பூர் நண்பரே, பயத்தைத் திருடியது பிளாஷ்பேக். ஒரு பங்களா, நாலு காமெடியன்கள், ஒரு பேய். இடைவேளை வரை நன்றாகப் போகும். அப்புறம் பேய் உட்கார்ந்து தன் சோகக் கதையைச் சொல்ல ஆரம்பிக்கும். ஒரு நல்ல குடும்பம், ஒரு நிலம், அதைப் பிடுங்க நினைக்கிற ஒரு வில்லன், ஒரு கொலை. பேய்க்குப் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ் வரை காட்டிவிடுகிறார்கள். இவ்வளவு விவரம் தெரிந்த பிறகு அதன் மேல் பரிதாபம் வரும், பயம் எப்படி வரும்? காஞ்சனாவாக சரத்குமார் வந்தது விதிவிலக்கு. ஒரு திருநங்கையின் வலியை அவ்வளவு கம்பீரமாக ஒரு பெரிய ஹீரோ செய்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஆனால் அந்த அச்சை எடுத்து ஊர் முழுக்க முறுக்குப் பிழிந்துவிட்டார்கள்.

காமெடி எழுதுகிறவனுக்குத் திகில் கைவரும் என்பதற்கு வெளியூர் சாட்சியும் இருக்கிறது. அமெரிக்காவில் ஜோர்டன் பீல் டிவியில் காமெடி செய்துகொண்டிருந்தவர். முதல் படமாக 2017-ல் 'கெட் அவுட்' எடுத்தார், திரைக்கதைக்கு ஆஸ்கரே கொடுத்தார்கள். நம்மூரில் டிவியில் 'லொள்ளு சபா' காமெடி நிகழ்ச்சியை இயக்கிய ராம்பாலா 2016-ல் 'தில்லுக்கு துட்டு' எடுத்தார். பொய்ப் பேயை ஏற்பாடு செய்தவர்கள் நிஜப் பேயிடம் மாட்டிக்கொள்கிற கதை. இரண்டும் ஒரே தராசில் நிற்கிற படங்கள் என்று சொல்லவில்லை, அடிக்க வராதீர்கள். தொழில் ஒன்று என்கிறேன். ஜோக்கைச் சொல்கிறவன் கடைசி வார்த்தையை எவ்வளவு நேரம் வாய்க்குள் வைத்திருக்க வேண்டும் என்று தெரிந்தவன். கதவைத் திறக்கிற கையையும் அவ்வளவு நேரம் நிறுத்தத் தெரியும்.

காமெடியே இல்லாத நல்ல பேய்ப் படம் தமிழில் இல்லையா என்றால், இருக்கிறது. 2009-ல் மட்டும் இரண்டு: 'யாவரும் நலம்', 'ஈரம்'. 'யாவரும் நலம்' படத்தில் மாதவனுக்கு மட்டும் லிப்ட் வேலை செய்யாது. மற்றவர்கள் ஏறினால் போகும், இவர் தனியாக ஏறினால் நகராது. இதை வடிவேலுவிடம் கொடுத்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். மாதவனிடம் கொடுத்ததால் ஏதோ சரியில்லை என்று முதுகில் ஊர்கிறது. அதே லிப்ட்தான்! 2012-ல் 'பீட்சா'வில் விஜய் சேதுபதி டார்ச்சோடு அந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட நேரம் முழுவதும் நாம் பார்த்தது எதை? அவர் முகத்தைத்தானே.

எனக்குக் கோபம் வருகிற இடம் சத்தம். காமெடி முடிந்ததும் ஒரு 'டொய்ங்', பேய் வந்ததும் ஒரு 'டமார்'. நான் சிரிக்க மாட்டேன், பயப்பட மாட்டேன் என்று இயக்குநருக்கே சந்தேகம் இருந்தால் என்னிடம் எதற்கு டிக்கெட் விற்கிறார்கள்?

திருப்பூர் நண்பருக்கு ஒரு வீட்டுப்பாடம். அந்தப் பாலையா காட்சியைச் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். நாகேஷைப் பார்க்காதீர்கள், பாலையாவை மட்டும். கதையில் இப்போது கதவு திறக்கிறதா, யாராவது நடந்து வருகிறார்களா என்று அவர் கண்ணை வைத்தே சொல்லிவிடலாம். சொல்ல முடியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.

அடுத்த கேள்வி, மதுரையிலிருந்து.