கமலாவின் துணைக்கால் எங்கே போனது?

வணக்கம் மக்களே! இன்றைக்குப் புது கீபோர்டைப் பிரிக்கிறேன் என்று சொல்லியிருந்தேன், அது வெள்ளிக்கிழமை வரும். நேற்று ராத்திரி நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை.

எங்கள் தெரு வாசகசாலைக்கு ஒரு சின்ன இணையதளம் செய்து கொடுத்தேன் இல்லையா, அதன் லாக் ஃபைலில், அதாவது யார் எப்போது வந்தார்கள் என்று பதிவாகும் கோப்பில் இருந்து உள்ளே வந்தவர்களின் பெயரை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு வரியில் தேதி, அப்புறம் யூசர் ஈக்குவல் கமலா, அப்புறம் ஐபி (வந்தவரின் இணைய முகவரி) ஈக்குவல் ஏதோ ஒரு எண். எல்லாப் பாடத்திலும் சொல்கிற மாதிரியே பைத்தான் நிரல்மொழியில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ் என்கிற ரெகெக்ஸ், அதாவது ஒரு முழுச் சொல்லைத் தேடிப் பிடிக்கச் சொல்லும் குறி, போட்டேன். கமலா 'கமல' என்று வந்தார். சரவணன் 'சரவணன'. ஃபாண்ட் கோளாறு என்று நினைத்து ஒரு மணி நேரம், முழுசாக ஒரு மணி நேரம், டெர்மினலில் ஃபாண்ட் மாற்றிக்கொண்டே இருந்தேன், டீ ஆறிப்போனது. அப்புறம் பார்த்தால் பட்டியலில் வெறும் 'ம' என்று மூன்று பேர்! முருகன், மீனா, மோகன்.

எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடில் துணைக்கால், கொம்பு, புள்ளி எதுவும் எழுத்துக் கணக்கில் வராது, மார்க் என்று தனி வகை. பைத்தானில் ரெகெக்ஸைக் கவனிக்கும் ஆர்ஈ மாட்யூலில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்றால் எழுத்து, எண், அடிக்கோடு, அவ்வளவுதான். முதல் கொம்பைப் பார்த்ததும் நின்றுவிடும். 1973-ல் கென் தாம்சன் கிரெப் என்கிற தேடல் கருவியை எழுதியபோது யூனிகோடே கிடையாது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பைத்தான் 3 வந்தது 2008-ல்! இன்னமும் 'இது எந்தச் சொல்லையும் பிடிக்கும்' என்று சொல்லித்தருகிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

சரி, யூனிகோடில் தமிழுக்கான இடம் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, இதில் எது வந்தாலும் சரி என்று அதைச் சதுர அடைப்புக்குள் போட்டேன். கமலா முழுசாக வந்துவிட்டார். ஆனால் இனிஷியல் இருக்கிறதே! முற்றுப்புள்ளி அந்த இடத்தில் இல்லாததால் 'செ. முருகன்' வெறும் 'செ' ஆனார், ஆங்கில இனிஷியல் போட்டவர்கள் பட்டியலிலேயே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. பெயரில் என்ன எழுத்து வரலாம் என்று நான் யார் முடிவு செய்ய? பெயர் எங்கே முடிகிறது என்று சொன்னால் போதும். யூசர் ஈக்குவல், பிறகு அடைப்புக்குள் டாட் பிளஸ் கேள்விக்குறி (எந்த எழுத்தானாலும் சரி, ஆனால் முடிந்தவரை குறைவாக), பிறகு ஒரு இடைவெளி, ஐபி ஈக்குவல். எத்தனை அழகு பாருங்கள்! அந்தக் கேள்விக்குறியை விட்டுவிடாதீர்கள், சில வரிகளில் ஐபி இரண்டு தடவை வருகிறது, அது இல்லாவிட்டால் இரண்டாவது ஐபி வரைக்கும் விழுங்கிவிடும்.

ஆங், ஒன்று விட்டுப்போச்சு, மோகன் இரண்டு தடவை வந்தார். 'மோ'வில் இருக்கிற குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பும் துணைக்காலுமாகப் பிரித்தும் வைக்கலாம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. முதலில் பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் என்எஃப்சி நார்மலைஸ் செய்துவிட்டு, அதாவது இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டு, அப்புறம் எண்ணுங்கள். இப்போது மோகன் ஒரே ஆள்தான். பைத்தான் நிரல் கீழே டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது, உங்கள் பெயரைப் போட்டு ஓட்டிப் பார்த்து என்ன வந்தது என்று கமெண்டில் சொல்லுங்கள்.