குளச்சலும் ஆரல்வாய்மொழியும்

நேயர்களே, வணக்கம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து உதயகிரிக் கோட்டைக்குப் போயிருப்பீர்கள். புலியூர்க்குறிச்சியில், தக்கலை போகிற வழியிலேயே இருக்கிறது. உள்ளே இடிந்துபோன ஒரு தேவாலயம், அதற்குள் ஒரு கல்லறை. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். டிலனாய் என்ற பெயரை அங்கே கையால் தடவிப் பார்க்கலாம்.

வரலாற்று ஆசிரியராக இருந்த காலத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போவேன். ஒரு தடவை கல்லறை முன்னால் நின்ற பையன் ஒருவன் கேட்டான்: "சாரே, இவரு நம்ம ஆளா, அவங்க ஆளா?"

சில போர்கள் ஏன் நம்மைப் பிடித்துக்கொள்கின்றன, சில ஏன் பாடப்புத்தகத்தோடு போய்விடுகின்றன என்று இன்று பேச வந்திருக்கிறேன். எனக்கு இந்த யோசனையே அந்தப் பையனின் கேள்வியில் தொடங்கியதுதான்.

1741இல் டச்சுக் கம்பெனிப் படை இலங்கையில் இருந்து வந்து குளச்சலில் இறங்கியது. மிளகு வியாபாரம்தான் காரணம். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா சிறு நாடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்தார். மிளகு முழுவதும் அவர் கைக்குப் போனால் கம்பெனிக்குப் பிழைப்பில்லை. கடைசியில் ஆகஸ்ட் மாதம் குளச்சலில் அந்தப் படை முற்றுகையில் சிக்கிச் சரணடைந்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். அவர் ஊர் திரும்பவில்லை. தன்னைப் பிடித்த அரசருக்கே படை பழக்கி, கோட்டை கட்டி, 1777இல் இங்கேயே இறந்தார். 36 வருடம்! மகாராஜா முன்னால் அவர் சரணடையும் காட்சியை ஓவியமாக பத்மநாபபுரம் அரண்மனையில் பார்க்கலாம்.

இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள். பனந்தடியை வண்டியில் ஏற்றிப் பீரங்கி மாதிரிக் காட்டி டச்சுக்காரரை ஏமாற்றினார்கள் என்று கரையில் ஒரு கதை உண்டு. அதைச் சொன்னால் வகுப்பே எழுந்து நிற்கும். சின்ன நாடு பெரிய கம்பெனியை மடக்குகிறது, எதிரி நம்மோடு வந்து சேர்கிறார், தொட்டுப் பார்க்கக் கல்லறை இருக்கிறது. ஒரு போர் மனதில் தங்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒன்றை மட்டும் திருத்தியே ஆக வேண்டும். ஐரோப்பியரை ஆசியாவில் முதன்முதலாகத் தோற்கடித்தது குளச்சலில்தான் என்று மேடைதோறும் பேசுகிறோம். 1662லேயே சீனத் தளபதி கோக்சிங்கா ஒன்பது மாதம் முற்றுகையிட்டு தைவானில் இருந்து டச்சுக்காரரை வெளியேற்றிவிட்டார். இதைச் சொன்னால் நம் ஊர்க்காரர்கள் முகம் வாடுகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. 'முதல்' என்ற பட்டம் இல்லாமலே குளச்சல் நிற்கும்.

போரின் அளவுக்கும் நம் ஆர்வத்துக்கும் சம்பந்தமே இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைமேல் குண்டு போட்டுவிட்டு இருட்டிலேயே போய்விட்டது. செத்தவர்கள் மிகச் சிலர். ஆனால் இன்றைக்கும் தந்திரக்காரன் ஒருவனை "சரியான எம்டன்" என்கிறோம். அதே முதல் உலகப் போரில், 1916 ஏப்ரலில், இன்றைய ஈராக்கில் உள்ள குத் என்ற ஊரில் பிரிட்டிஷ் படையினர் சுமார் 13,000 பேர் துருக்கியரிடம் சரணடைந்தார்கள். பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களுக்காகத் தமிழில் ஒரு சொல்கூடப் பிறக்கவில்லை.

சரி, நம் மாவட்டத்துக்கே திரும்பி வருகிறேன். ஆரல்வாய்மொழி. திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போகும்போது காற்றாலைகளைப் பார்க்கிறோம் அல்லவா, அந்தக் கணவாய். 1809 பிப்ரவரியில் அங்கே ஒரு போர் நடந்தது. தலக்குளத்தில் பிறந்த, திருவிதாங்கூரின் தலைமை அமைச்சரான வேலுத்தம்பி தளவாய் பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துக் கொல்லம் பக்கத்துக் குண்டறையில் அறிக்கை விட்டு அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கணவாயை அடைத்து அரண் இருந்தது. கம்பெனிப் படையில் ஒரு பகுதி ராத்திரியில் பாறை பாறையாக மலை ஏறி, விடிகிற நேரத்தில் அரணுக்குள் இறங்கிவிட்டது. அப்புறம் உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையே இல்லாமல் விழுந்தன. டிலனாய் பீரங்கி வார்த்த அதே உதயகிரி, குளச்சலுக்கு 68 வருடம் கழித்து!

இந்தப் போரைப் பற்றிக் கேட்டால் ஆரல்வாய்மொழிக்காரர்களே பலர் யோசிக்கிறார்கள். வேலுத்தம்பியைத் தெரியும், திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் சிலையாக நிற்கிறார். கேரளத்து மண்ணடியில் அவர் உயிர்விட்ட கதையும் தெரியும். அந்தக் காலையும் அந்த மலையும்தான் நினைவில் இல்லை. தோற்றோம், அதுவும் சீக்கிரமாகத் தோற்றோம் என்பது ஒரு காரணம். ஆனால் நம் முன்னோர் வாழ்க்கையை அதிகம் மாற்றியது எது என்று கேட்டால் நான் ஆரல்வாய்மொழியைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகு திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டின், அதாவது கம்பெனிப் பிரதிநிதியின், கை ஓங்கியது. 1811இல் ரெசிடென்ட் ஜான் மன்றோவே திவானாகவும் உட்கார்ந்தார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று கணவாய்க்கு வந்த படையில் வெள்ளைக்காரர்களோடு சென்னை ராணுவத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அரணில் காவல் நின்றவர்கள் தமிழும் மலையாளமும் பேசியவர்கள். இருட்டில் யாராவது கூப்பிட்டிருந்தால் மறுபக்கத்தில் இருந்தவனுக்குப் புரிந்திருக்கும். குளச்சல் விஷயத்தில் அந்தப் பையனின் கேள்விக்கு நான் ஒரு பதில் சொல்ல முடிந்தது: "முதல்ல அவங்க ஆளு, பெறகு நம்ம ஆளு." ஆரல்வாய்மொழிக்குக் கூட்டிப் போய், அங்கேயும் அவன் அதையே கேட்டிருந்தால்?

நான் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனதே இல்லை. பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். இப்போது அந்த மலையடியில் நின்று அவர்கள் கேட்பதைக் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் யாராவது அழைத்துப் போனால், என்னையும் கூப்பிடுங்கள், வருகிறேன்.

நன்றி, வணக்கம்.