சக்களத்தியும் சிநேகிதியும்

(வேலூரில் பெண்கள் கூடிய ஒரு வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்காமார்களே, தங்கைகளே, வணக்கம். காட்பாடியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். ஒரு சுமாரான ஆங்கிலப் படத்தைப் பற்றிப் பேசவா இத்தனை பேரை உட்கார வைப்பது என்று கேட்கலாம். நல்ல கதை கையில் கிடைத்தும் கோட்டை விட்ட படம் அது. கோட்டை விட்டது எதை என்பது நம் வீட்டு விஷயம்.

2014-இல் வந்த 'தி அதர் உமன்'. இயக்கியவர் நிக் கேசவெட்டிஸ். நியூயார்க் வக்கீல் கார்லியாகக் கேமரன் டயஸ். காதலன் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கிறாள். கதவைத் திறப்பது அவன் மனைவி கேட். தலைமுடியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இருவரும் சிநேகிதிகள் ஆகிறார்கள். அவன் பழகும் மூன்றாவது பெண் ஆம்பரும் பிறகு சேர்ந்துகொள்கிறாள். கேட்டாக வரும் லெஸ்லி மான் அழுகையும் உளறலுமாகப் பிரமாதமாக நடித்திருக்கிறார்.

நமக்கு இந்தக் கதை புதிதில்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் மாதவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதே கிடையாது. ஆனால் கோவலன் மறைந்த பிறகு, தான் பெற்றவளை 'மாபெரும் பத்தினி மகள் மணிமேகலை' என்கிறாள் மாதவி. மணிமேகலைக் காப்பியத்தில் வருகிறது. பெற்ற மகளையே கண்ணகியின் மகள் என்று சொல்லிவிட்டாள்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இந்தப் படத்துப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? அவன் குடிக்கிறதில் பேதி மருந்து, ஷாம்பூவில் முடி கொட்டுகிற கிரீம், கூடவே பெண் ஹார்மோன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று பெண்கள் கூடி உட்கார்ந்தாலும் பேச்செல்லாம் அவனைப் பற்றித்தான். பாலு மகேந்திரா 1995-இல் எடுத்த 'சதி லீலாவதி'யும் காமெடிதான். அதில் புருஷன் ஏமாற்றிய மனைவியாக வரும் கல்பனா சிரிக்க வைக்கிற இடத்திலும் அந்த மனைவியின் வலி தெரியும்.

ஒரே ஒரு இடம் மட்டும் பொன். புருஷன் மோசடிக் கம்பெனிகளை மனைவி பெயரில் வைத்திருக்கிறான். மாட்டினால் ஜெயிலுக்குப் போகிறவள் கேட். இதைத் தோண்டி எடுத்துச் சொல்கிறவள் கார்லி, வக்கீல் அல்லவா! சிநேகம் என்றால் இதுதான். படம் இந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும், நிற்காமல் ஓடிவிட்டது.

நாம் நிற்போம். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண், விடிகாலையில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறாள். வாசலில் ஒரு தாள் நீட்டப்படுகிறது: "இங்க ஒரு கையெழுத்து போடு." போடுகிறாள். குழு லோனா, கடை லைசென்சா, ஜாமீனா? என்றைக்காவது அந்தத் தாளை எடுத்து வந்து, "இதைக் கொஞ்சம் படிச்சு சொல்லுடி" என்று அவள் கேட்கக்கூடியவள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிதான்.

சட்டத்தையும் பாருங்கள். அடுத்தவன் மனைவியோடு உறவு வைப்பதைக் குற்றமாக்கியது 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு. அதன் கீழ் புகார் கொடுக்கிற உரிமை உறவு வைத்த பெண்ணின் கணவனுக்குத்தான் இருந்தது. ஏமாந்த மனைவிக்கு இல்லை. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. இன்று அப்படிப்பட்ட உறவு குற்றமில்லை; விவாகரத்து கேட்க ஒரு காரணம், அவ்வளவுதான். அதனால் அவன் யாரோடு போனான் என்பதைத் துருவுகிற நேரத்தில், உங்கள் பெயரில் என்ன கடன், என்ன சொத்து, என்ன ஜாமீன் என்று துருவுங்கள்.

படம் முடிகிறபோது கார்லிக்குக் கேட்டின் சகோதரன், ஆம்பருக்குக் கார்லியின் அப்பா என்று ஜோடி போட்டுவிடுகிறார்கள். கேட்டுக்காவது நல்ல வேலை ஒன்று கிடைக்கிறது. அதில் எனக்கு சந்தோஷம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, கையெழுத்துப் போட்ட தாள்களின் நகல் வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்கி வாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்போம்.