பரணில் கிடந்த ஏடுகள்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

லியனார்டோ டா வின்சி என்று தலைப்பைச் சொன்னதும், மோனலிசா சிரிப்பைப் பற்றித்தானே என்று கேட்டார்கள். இல்லை, ஒரு கிழவரின் இதயத்தைப் பற்றி என்றேன். கேட்டவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

1507-08 குளிர்காலம். பிளாரன்ஸ் நகரத்தில் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனை. ஒரு கிழவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். வயது நூறு தாண்டிவிட்டது, உடம்பில் ஒரு குறையும் இல்லை, அசதி மட்டும்தான் என்று பார்க்க வந்தவரிடம் சொல்கிறார். சில மணி நேரத்தில், உட்கார்ந்த இடத்திலேயே, உயிர் போய்விடுகிறது. நாமாக இருந்தால் நல்ல சாவு என்று கும்பிட்டுவிட்டு வந்திருப்போம். பார்க்க வந்தவர் லியனார்டோ. இத்தனை சுகமான மரணத்துக்குக் காரணம் என்ன என்று அந்த உடலை அறுத்துப் பார்த்தார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் வற்றிச் சுருங்கியிருந்தது. இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் உடலையும் அறுத்து ஒப்பிட்டார். அங்கே எல்லாம் நேர்மாறு. இன்று அடைப்பு, ஆஞ்சியோ என்று வீட்டுக்கு வீடு பேசுகிறோமே, அந்த விஷயத்தை முதன்முதலில் எழுதி வைத்தவர் ஓர் ஓவியர்!

எழுதி வைத்தார். அவ்வளவுதான். அச்சிடவில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1452 ஏப்ரல் 15-இல் வின்சி என்ற சிற்றூரை ஒட்டிப் பிறந்தவர். அப்பா செர் பியரோ, பத்திரம் எழுதும் நோட்டரி. அம்மா கத்தரீனாவை அவர் மணக்கவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்கு நோட்டரி சங்கத்தில் இடம் கிடையாது. முறையான லத்தீன் படிப்பும் இல்லை. 'படிக்காதவன்' என்று தன்னையே குறிப்பிட்டுக்கொண்டார். இதுவும் நல்லதற்குத்தான் என்று எனக்குத் தோன்றும். நோட்டரி ஆகியிருந்தால் கிரயப் பத்திரங்களோடு காலம் போயிருக்கும். பையன் ஓவியரும் சிற்பியுமான வெரோக்கியோவின் பட்டறைக்குத் தொழில் பழகப் போனான்.

முப்பது வயதில் மிலன் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம். தூக்கிச் செல்லும் பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், சுரங்கம் தோண்டுவேன் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கடைசியில்தான், போனால் போகிறது என்பதுபோல, ஓவியமும் வரைவேன் என்று ஒரு வரி. மிலனில் கிடைத்த பெரிய வேலை ஒரு வெண்கலக் குதிரை. சுமார் 7 மீட்டர் உயரத்துக்குக் களிமண் மாதிரியைச் செய்து நிறுத்தினார். வார்ப்பதற்கு வைத்திருந்த வெண்கலம் 1494-இல் பீரங்கிக்குப் போயிற்று. 1499-இல் ஊருக்குள் புகுந்த பிரெஞ்சு வில்லாளிகள் அந்தக் களிமண் குதிரையைக் குறிவைத்துப் பழகினார்கள். 'கடைசி விருந்து' ஓவியமோ, காய்ந்த சுவரில் வரைந்ததால், அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கியது.

சரி, ஏடுகளுக்கு வருவோம். இடது கைக்காரர், வலமிருந்து இடமாக, கண்ணாடியில் பார்த்தால்தான் நேராகத் தெரியும்படி எழுதுவார். ஏதோ ரகசியம் என்பார்கள். மை கையில் அப்பாமல் இருக்கவும் அதுதான் வசதி. இன்றைக்கு மிஞ்சியிருப்பவை சுமார் 7,000 பக்கங்கள். மரங்கொத்தியின் நாக்கை விவரிக்க வேண்டும் என்று ஓரிடத்தில் குறிப்பு. இன்னோரிடத்தில், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயின் அடிப்பகுதியைக் கண்ணாடியில் வார்த்து, நீரில் புல் விதைகளைக் கலந்து ஓடவிட்டுச் சுழல்களைப் பார்க்க ஒரு யோசனை. அந்தச் சுழல்கள்தான் இதய வால்வை மூட உதவுகின்றன என்பது அவர் முடிவு. 1960களில் ஆக்ஸ்ஃபோர்டில் சோதித்துப் பார்த்தவர்கள் அதை உறுதிசெய்தார்கள். அவர் எழுதி நானூற்றைம்பது ஆண்டுகள் கழித்து!

இடையில் என்ன ஆயிற்று? 1519 மே 2-இல் பிரான்சின் அம்புவாஸில் இறந்தபோது, ஏடுகளைச் சீடர் ஃபிரான்செஸ்கோ மெல்ஸிக்கு எழுதி வைத்தார். மெல்ஸி உயிரோடு இருந்தவரை கண்ணாகப் பார்த்துக்கொண்டார். மகன் ஒராட்ஸியோவுக்கு அவை பழைய காகிதம், பரணில் போட்டுவிட்டார். அந்த வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் பதின்மூன்று தொகுதிகளை எடுத்துக்கொண்டு போய் விற்கப் பார்த்தார், முடியவில்லை. மட்ஸெந்தா என்பவர் சிரமப்பட்டு அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தால், ஒராட்ஸியோ ஆச்சரியப்பட்டுச் சொன்னாராம்: நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பரணில் இன்னும் நிறையக் கிடக்கிறது! சிரிக்கிறீர்கள். நம் வீடுகளில் தாத்தாவின் பெட்டிக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்க மாட்டேன்.

அப்புறம் பொம்பேயோ லியோனி என்ற சிற்பி நிறைய ஏடுகளைச் சேர்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கத்தரிக்கோல் வைத்திருந்தார். பக்கங்களை வெட்டி, தன் இஷ்டப்படி ஒட்டித் தொகுத்தார். ஒரு தொகுதி மிலனில், உடற்கூற்றுப் படங்கள் இங்கிலாந்தின் விண்ட்சர் அரண்மனையில், இன்னொன்றை 1994-இல் பில் கேட்ஸ் 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். மாட்ரிட் தேசிய நூலகத்திலேயே இரண்டு தொகுதிகள் அடையாளம் தெரியாமல் கிடந்து, 1960களில்தான் கண்ணில் பட்டன.

இதற்குள் 1543-இல் வெசாலியஸ் என்ற மருத்துவர் தன் உடற்கூற்று நூலை அச்சிட்டு, மருத்துவர்களுக்குப் புது வழி காட்டிவிட்டார். லியனார்டோவின் படங்கள் அப்போது பெட்டிக்குள். ஆகவே, நவீன விஞ்ஞானத்தின் தந்தை என்றெல்லாம் மேடையில் முழங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிள்ளைகளுக்குத் தெரியாத தந்தை எப்படித் தந்தை? மியூசியங்களில் மரத்தால் செய்துவைத்திருக்கும் அவருடைய பறக்கும் இயந்திரம் பறந்ததும் இல்லை.

எனக்குப் பிடித்தது வேறொரு பக்கம். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் எழுதியது. முக்கோணங்களை வைத்து ஒரு ஜியோமிதிக் கணக்கு. ஒரு பக்கம் முழுக்க மல்லுக்கட்டிக்கொண்டு போகிறார். நடுவில் 'முதலானவை' என்று போட்டு நிறுத்திவிடுகிறார். ஏன் என்று காரணமும் எழுதியிருக்கிறார்: சூப் ஆறுகிறது.