கவுன்சிலிங் மட்டும் போதவில்லை என்பது எப்போது தெரியும்?

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குக் கொஞ்சம் கனமான விஷயம். அதனால் இண்ட்ரோ மியூசிக் எதுவும் போடவில்லை, நேராகப் பேசிவிடலாம்.

முதலில் ஒன்று. உங்கள் பிள்ளை இப்போதுதான் எதையாவது விழுங்கிவிட்டது, அந்தப் பதற்றத்தில் யூடியூபைத் திறந்திருக்கிறீர்கள் என்றால், இதை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். "நல்லாத்தானே பேசிட்டு இருக்கா" என்று காத்திருக்க வேண்டாம். சில மாத்திரைகள் முதல் நாள் வெளியே ஒன்றும் காட்டாது, உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலையும் வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் கவுன்சிலராக இருக்கிறேன். பெற்றோர்கள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான்: "கவுன்சிலிங் போயிட்டுத்தான் இருக்கான். பெருசா மாற்றம் தெரியலை. இன்னும் எவ்வளவு நாள் பார்க்கலாம் மேடம்?"

நாள் கணக்கை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் பிள்ளை கவுன்சிலரோடு இருக்கிறது. மீதி 167 மணி நேரமும் வீட்டில், பள்ளியில், தன் அறையில். அந்த நேரத்தை யார் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கிறார். பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றியாகிவிட்டது. அப்பா ராத்திரி பிள்ளையின் அறை வாசலில் பாய் விரித்துப் படுக்கிறார். தங்கச்சியிடம் "அக்காவைத் தனியா விடாதே" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த நிலை வந்துவிட்டதென்றால் உங்கள் வீடு ஏற்கெனவே ஒரு வார்டு ஆகிவிட்டது. டாக்டரும் இல்லாத, நர்சும் இல்லாத வார்டு. அதை வீட்டுக்காரர்களே எத்தனை நாள் நடத்த முடியும்? இந்த இடத்தில்தான் அடுத்த கட்டத்துக்கு, அதாவது மனநல மருத்துவரிடம், போக வேண்டும்.

"எல்லாம் வயசுக் கோளாறுதான், பெரிசு பண்ணாதீங்க" என்று ஒரு மாமா கட்டாயம் சொல்வார். பதினைந்து வயதில் எரிந்து விழுவது, கதவைச் சாத்திக்கொள்வது எல்லாம் சாதாரணம்தான். உங்களிடம் முகம் கொடுக்காத பையன் நண்பனிடம் போனில் விழுந்து விழுந்து சிரிக்கிறான் என்றால் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. மொபைலைப் பிடுங்கினால் கத்துகிறான் என்றாலும் பரவாயில்லை. மொபைலே வேண்டாம் என்று அவனாகவே கவிழ்த்து வைத்துவிட்டான், கிரிக்கெட்டுக்குக் கூப்பிட வந்த நண்பனைப் பார்க்கவே மாட்டேன் என்கிறான், குளித்து நான்கு நாள் ஆகிறது, ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறான் என்றால், அது வயசுக் கோளாறு இல்லை. வீடு, பள்ளி, நட்பு, சாப்பாடு, தூக்கம் என்று எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சரிகிறதா என்று பாருங்கள். வாரத்துக்கு வாரம் சரிவு கூடிக்கொண்டே போகிறதென்றால் கவுன்சிலிங் மட்டும் அதைப் பிடித்து நிறுத்தாது.

பிளஸ் டூ வீடுகளில் இதற்கும் ஒரு சாக்கு தயாராக இருக்கும். "பரீட்சை முடியட்டும் மேடம், அப்புறம் பார்த்துக்கலாம்." எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற இடம் இது. பிளஸ் டூவுக்குத் துணைத்தேர்வு இருக்கிறது. நீட் அடுத்த வருடமும் வரும்.

அடுத்தது, கேட்கவே பயப்படுகிற கேள்வி. உயிரை விடுகிற எண்ணம் இருக்கிறதா என்று பிள்ளையிடம் நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லாருக்கும் தோன்றும். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்டதும் "அப்பாடா, யாரோ கேட்டாங்க" என்று அழுகிற பிள்ளைகள்தான் நிறைய. "தப்பா எதுவும் யோசிக்கலைல்ல?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "இல்லைம்மா" என்ற பதிலை நீங்களே கையில் கொடுக்கிறீர்கள். "செத்துப் போயிடலாம்னு தோணுதாடா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் கத்தாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறானா என்று கேளுங்கள்.

"இருந்து என்ன பண்ணப் போறேன்" என்ற அலுப்புக்கும், வழியும் நாளும் முடிவு செய்து வைத்திருப்பதற்கும் நிறைய தூரம். முதலாவதுக்கு ஓரிரு நாளில் மனநல மருத்துவரைப் பாருங்கள். இரண்டாவது என்றால் அன்றைக்கே, ராத்திரி பதினோரு மணியானாலும், அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முன்பு ஒரு முறை முயற்சி செய்த பிள்ளை என்றால் அலுப்பாகச் சொன்னால்கூட அலட்சியம் வேண்டாம். ஆசையாக வைத்திருந்த பொருளையெல்லாம் எடுத்துக் கொடுப்பது, வாரக்கணக்கில் அழுத பிள்ளை திடீரென்று காரணமே இல்லாமல் அமைதியாகிவிடுவது, இதையெல்லாம் "தெளிஞ்சிட்டா" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்பே தாத்தாவின் பிரஷர் மாத்திரையிலிருந்து தோட்டத்துப் பூச்சிமருந்து வரை எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். கையெட்டும் தூரத்தில் இல்லாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்புகின்றன.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மறைப்பவர்களும் உண்டு. 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயற்சி செய்தவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

சோகமே இல்லாமல் வருகிற ஆபத்தும் இருக்கிறது. யாரும் இல்லாத அறையில் யாருக்கோ பதில் சொல்கிறான். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளுகிறான். கிளாஸில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். நம் ஊரில் இதற்கு முதலில் வேப்பிலைதான் எடுப்பார்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மனசுக்கு ஆறுதல் என்றால் போய்விட்டு வாருங்கள். ஆனால் டாக்டரைப் பார்ப்பதை அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள், பிள்ளையை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்துபோனார்கள். குணமாகட்டும் என்று நம்பி விடப்பட்டவர்கள்தான் அவர்களும். இந்த வகை நோயில் சிகிச்சை தள்ளிப்போகப் போக மீட்பதும் கடினமாகிறது. இதற்குக் கவுன்சிலிங்கில் ஆரம்பிக்கக் கூடாது. முதல் ஆளே மனநல மருத்துவர்தான்.

சாப்பாட்டை வெட்டிக்கொண்டே போகிற பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடை சரசரவென்று இறங்குகிறது, மாதவிலக்கு நின்றுவிட்டது, எழுந்தால் மயக்கம் என்றால் இதயமே பாதிக்கப்பட்டிருக்கலாம். அதற்கு உடனே உடல் பரிசோதனை வேண்டும். "டயட்ல இருக்கா" என்று விடாதீர்கள்.

மாத்திரை ஆரம்பித்த வீடுகளுக்கு ஒன்று. மனச்சோர்வுக்கான மாத்திரை முழுப் பலனைக் காட்ட நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். பத்து நாளில் "வேலை செய்யலை" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அதே நேரம் முதல் சில வாரங்களில் பிள்ளையை நெருக்கமாகக் கவனிக்கவும் வேண்டும். சில பிள்ளைகளுக்குப் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடலாம் என்பதால்தான் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-இல் இந்த மருந்துகளுக்குக் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை வைத்தது. மருந்தைக் கண்டு பயப்பட வேண்டாம். மாற்றம் தெரிந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இனி அட்மிஷன். இந்த வார்த்தையைக் கேட்டதும் எல்லாருக்கும் கண்முன் வருவது கீழ்ப்பாக்கமும் பழைய சினிமாவில் வருகிற பூட்டிய அறையும்தான். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை அப்படி யாரும் இழுத்துக்கொண்டு போய் அடைத்துவிட முடியாது. 2017 சட்டத்தில் இதற்கென்றே 87-ஆவது பிரிவு இருக்கிறது. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல மருத்துவரோ மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பிள்ளையைப் பார்த்து, அட்மிஷன் தேவை, வெளியில் வைத்துச் சிகிச்சை தர முடியாது என்ற முடிவுக்கு வர வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துப் படுக்க வைக்கக் கூடாது. அம்மாவோ அப்பாவோ, இல்லை அவர்கள் ஏற்பாடு செய்கிற ஒருவரோ முழு நேரமும் கூடவே இருக்க வேண்டும், பெண் பிள்ளை என்றால் ஒரு பெண் துணை கட்டாயம். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். வேண்டாம், கூட்டிக்கொண்டு போகிறோம் என்று நீங்கள் கேட்டால் விட வேண்டும்.

வேலூர் சிஎம்சியில் மனநோயாளியோடு குடும்பமும் சேர்ந்து தங்குவது பல பத்தாண்டுகளாக நடக்கிற வழக்கம். பெங்களூர் நிம்ஹான்ஸில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். இன்ஷூரன்ஸ் இருந்தால், உடல் நோய்க்குத் தருவது போலவே மன நோய்க்கும் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது, கேட்டு வாங்குங்கள். எங்கே போவது என்றே தெரியவில்லையா, 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், 2022-இல் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

அமெரிக்கா போன்ற இடங்களில் வார சிகிச்சைக்கும் அட்மிஷனுக்கும் நடுவில் பகல் முழுக்க மருத்துவமனையில் இருந்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வருகிற ஏற்பாடு நிறைய இடத்தில் உண்டு. நம்மிடம் அது மிகக் குறைவு. அதனால் நடுப்படியை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு முறைக்குப் பதில் இரண்டு மூன்று முறை பார்க்க முடியுமா, நடுவில் போனில் பேச முடியுமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

அட்மிஷன் முடிந்து வீட்டுக்குத் திரும்பி வந்த முதல் வாரங்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். சொந்தக்காரர்கள் எல்லாரும் "சரியாயிட்டான்ல" என்று பார்க்க வருகிற காலமும் அதுதான். டிஸ்சார்ஜ் கார்டு வாங்கும்போதே அடுத்த ஒரு வாரத்துக்குள் ஒரு ரிவ்யூ தேதியையும், ராத்திரியில் கூப்பிட ஒரு நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை டப்பா உங்கள் கையில் இருக்கட்டும். பள்ளிக்கு அரை நாளில் ஆரம்பிக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கிளாஸில் என்ன சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். "டைபாய்டுன்னு சொல்லிடவாம்மா?" என்று கேட்டால், சரி என்று சொல்லிவிடுங்கள்.